பதினாறு கழியட்டும் என்று சொல்

அன்புள்ள முத்துவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கயலும் படிக்கட்டும், ஆனால் இது உனக்கு எழுதியது.

பேத்தி பிறந்தும் நான் வரவில்லையே என்று உன் மாமியார் வருத்தப்பட்டார்களாம். எனக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. கக்குவான் கூடப் பெரியவர்களுக்குச் சாதாரண வறட்டு இருமல் மாதிரித்தான் வந்து போகும். பிறந்த குழந்தைக்கு அதுவே மூச்சை நிறுத்திவிடும். அதற்கான முதல் தடுப்பூசியே 6-வது வாரத்தில்தான். அதனால் இருமல் அடங்கட்டும், வருகிறேன். "எங்கம்மாவே இன்னும் வரவில்லை" என்று சொல்லி மற்றவர்களை நீ தாராளமாக நிறுத்தலாம்.

அந்த நிறுத்துகிற வேலை உன்னுடையது. கயல் பச்சை உடம்புக்காரி. நம் பக்கத்து ஆட்களிடம் "கையைக் கழுவிவிட்டுத் தூக்குங்கள்" என்று அவள் சொன்னால் அது பேரன் பேத்தி எடுக்கிற வரை பேச்சாக நிற்கும். நீ சொன்னால் ஒரு முணுமுணுப்போடு போய்விடும். பதினாறு நாள் தீட்டு என்கிறார்களே, பெற்றவளைத் தீட்டு என்று ஒதுக்குவது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. முன்னோர்கள் கிருமிக்காகத்தான் வைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நான் நம்பவில்லை. ஆனால் வர வேண்டாம் என்று சொல்ல அதைவிட நல்ல சாக்கு கிடையாது. "பதினாறு கழியட்டும் பெரியப்பா" என்றால் யாருக்கும் கோபம் வராது. பதினாறு கழிந்ததும் வேறு சாக்கு தேடு.

வந்தே தீருவேன் என்று வருகிறவர்களில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் கூடத்தோடு சரி. மற்றவர்கள் கையைக் கழுவிவிட்டுப் பார்க்கட்டும். முத்தம் யாருக்கும் கிடையாது. உதட்டோரம் கொப்புளம் இருக்கிறவர்களைக் குழந்தை பக்கமே விடாதே. நமக்கு அது ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், பச்சைக் குழந்தைக்கு மூளை வரைக்கும் போகும்.

கை கழுவுவதில் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த பச்சிளங்குழந்தைகள் வார்டில் எங்களுக்கு முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் வாசலிலேயே கழற்றிவிடுவோம். உன் மணிக்கட்டில் திருச்செந்தூரில் கட்டிய கயிறு கிடக்கிறதே, சிவப்பாக இருந்தது கறுத்து, நனைந்து, காயாமலே கிடக்கிறது. நீ எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கயிற்றில் இருப்பது அங்கேயேதான் இருக்கும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், கழற்றிவிடு. கட்டைவிரல், நக இடுக்கு, விரல் சந்து எல்லாம் தேய்த்துக் கழுவு. கழுவிய கையைச் சமையலறைப் பிடிதுணியில் துடைக்காதே. அப்புறம் போட்டோ எடுக்கப் போனைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

தொப்புள் கொடி விழ ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை அதில் எதுவும் வைக்கக் கூடாது. மஞ்சள், வசம்புக் கரி, விளக்கெண்ணெய், பவுடர், எதுவுமே வேண்டாம். நான் வேலையில் இருந்தபோது ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள், தொப்புளில் சாம்பலும் எண்ணெயும் குழைத்து அப்பியிருந்தது. மெதுவாகத் துடைத்து எடுத்தால், கீழே சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டது, ஓரத்தில் சீழ். அழக்கூடத் தெம்பில்லை அதற்கு. வயிற்றுக்குள் போகும் ரத்தக்குழாய் அந்த இடத்தில்தான் இருக்கிறது, கிருமிக்கு அது திறந்து வைத்த வாசல். அது காய்ந்து தானாக விழட்டும். டயாப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடு, ஈரம் படக் கூடாது.

குளிப்பாட்ட ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறீர்களாம். கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று அவரிடம் சொல். அதற்குப் பிறகும் மூக்கில் ஊதுவது, எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுப்பது எல்லாம் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்த குழந்தைகள் உண்டு. சாம்பிராணிப் புகையும் வேண்டாம், தலை காயத் துண்டு போதாதா? அவர் பிழைப்பு அது, மரியாதையாகச் சொல். பேசிய காசைக் குறைக்காதே.

சேனை வைக்கிறேன் என்று யாராவது சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்க வந்தால் விடாதே. தேன் ஒரு வயது வரைக்கும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து விஷம் கக்கும். தாய்ப்பால் மட்டும், 6 மாதம். கயலுக்கே சளி பிடித்தாலும் பால் நிறுத்த வேண்டாம். அவள் உடம்பு அந்தக் கிருமிக்குச் செய்கிற எதிர்ப்புச் சத்து பாலில்தான் வரும். மாஸ்க் போட்டு, கை கழுவிக்கொண்டு கொடுக்கட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டை ஆஸ்பத்திரியாக்கிவிடாதே. குளிக்கிற தண்ணீரில் டெட்டால் ஊற்ற வேண்டாம், துணிக்குச் சாதாரண சோப்பும் வெயிலும் போதும். பெற்றவர்கள் தோலில் இருக்கிற நல்ல கிருமி குழந்தைக்குத் துணைதான். 1978-ல் கொலம்பியாவில் பொகோட்டா ஆஸ்பத்திரியில் இங்குபேட்டர் போதாமல், குழந்தைகள் தொற்றில் சாகிறார்களே என்று, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு கட்டிவைத்தார்கள். நன்றாகப் பிழைத்தன. நீயும் குளித்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் போட்டுக்கொள். அப்பாக்களுக்கும் அது உண்டு.

கடைசியாக இதை மட்டும் மனப்பாடம் பண்ணு. பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால், நெஞ்சு உள்வாங்கினால், வலிப்பு வந்தால், தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்துப் பார்த்து 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் உடனே கிளம்பு. உடம்பு சில்லிட்டாலும் அப்படித்தான், இந்த வயசில் தொற்று காய்ச்சலாகவே வரும் என்பதில்லை. விடியட்டும் என்று உட்காராதே, கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாதே. வண்டி இல்லாவிட்டால் 108.

அப்பாவின் பழைய வேட்டி இரண்டைக் கிழித்து, துவைத்துக் காயவைத்துக் கூரியரில் போட்டிருக்கிறேன். வழியில் எங்கெங்கே போட்டு வைத்தார்களோ, வந்ததும் இன்னொரு தடவை துவைத்துவிட்டு எடு.

அம்மா