கோடு போடுகிறவர்களுக்கு, எண் ஒட்டுகிறவன் எழுதும் மடல்

மதிப்பிற்குரிய வகைப்பாட்டுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உயிரினங்களுக்குப் பெயர் வைப்பவர்கள், நோய்ப் பட்டியல் போடுபவர்கள், எது கோள் என்று வரையறுப்பவர்கள், கணினிக்குப் படங்களை வகை பிரித்துக் கொடுப்பவர்கள் என்று நீங்கள் தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு அறையின் சண்டை அடுத்த அறைக்குக் கேட்பதில்லை. ஆனால் எல்லாச் சண்டையும் கடைசியில் என் மேசைக்கு வந்துவிடும். நான் நூலகத்தில் பகுப்பாக்க வேலை செய்கிறவன். வரும் நூலைப் புரட்டிப் பார்த்து, பகுப்பு எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டித் தட்டுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் ஒரு பொருளை மூன்று இடத்தில் வைத்து விவாதிக்கலாம். எனக்கு ஒரு பிரதிக்கு ஒரு தட்டுதான்.

போன வாரம் லைக்கன்களைப் பற்றி ஒரு நூல் வந்தது. பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் பச்சையாகப் பொருக்குத் தட்டினாற்போல் படர்ந்திருக்குமே, அதுதான். அது ஒற்றை உயிர் இல்லை. பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். 1860களில் சுவெண்டனர் என்ற தாவரவியலாளர் இதைச் சொன்னபோது லைக்கன் ஆய்வாளர்கள் பலர் கொதித்துப்போனார்கள். வாழ்நாள் முழுக்கத் தனித் தாவரம் என்று பெயர் வைத்து அடுக்கியதைப் போய் இரண்டு பேர் சேர்ந்த குடும்பம் என்றால் கோபம் வராதா? இன்று அதில் யாருக்கும் ஐயமில்லை. 2016இல் பல லைக்கன்களின் மேலடுக்கில் ஈஸ்ட் ஒன்றும் குடியிருப்பது தெரியவந்தது. ஆனால் பெயரிடும் விதிப்படி லைக்கனுக்கு வைத்த பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கு மட்டுமே உரியது. பாசிக்கு வேறு பெயர். குடியிருப்பவர்கள் பலர், பத்திரம் ஒருவர் பெயரில்.

நூல்களுக்கு எண் போட நாங்கள் பின்பற்றும் டூயி தசமப் பகுப்பில் பூஞ்சை 579.5, பாசி 579.8, நடுவில் லைக்கனுக்கு 579.7. 1996இல் 21ஆம் பதிப்பு வரும்வரை இவை மூன்றும் 589இல், தாவரங்களோடு இருந்தன. பூஞ்சை தாவரத்தைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னீர்கள். நல்லது. ஆனால் பழைய நூல்களின் முதுகுச் சீட்டு தானாக மாறாது. தண்ணீர் தொட்டு ஊறவைத்து, உரித்து, புதிது ஒட்டுவது எங்கள் வேலை. அலுப்பான வேலைதான், ஆனாலும் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கோட்டை மாற்றுங்கள், தாராளமாக. எதற்காக அந்த இடத்தில் போட்டோம் என்பதை எழுதாமல் எழுந்து போய்விடுகிறீர்களே, அதுதான் என் வழக்கு.

சரி, 'வகைப்பாடு' என்ற சொல்லாவது உங்கள் எல்லாருக்கும் ஒன்றா என்றால் அதுவும் இல்லை. பரிணாம உறவைப் பார்ப்பவருக்கு அது வம்சாவளி வரைவது. கணினிக்காரருக்கு, முன்பே செய்து வைத்த பெட்டிகளில் பொருளைப் போடுவது. எனக்கு, தேடி வருபவர் கையில் நூல் அகப்படுமாறு வைப்பது. வம்சாவளி வரைபவரிடம் கேட்டால் 'மீன்' என்று ஒரு குழுவே கிடையாது என்பார். நுரையீரல்மீனுக்கு சால்மனைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். அதனால் இரண்டையும் மீன் என்று கட்டிவிட்டு நம்மை வெளியே நிறுத்த முடியாதாம். அவர் கணக்கில் அது சரி. மீன்வளம் படிக்க வரும் மாணவனிடம் நான் அதைச் சொன்னால் அவன் என்னை ஏற இறங்கப் பார்ப்பான்.

புளூட்டோவையே எடுத்துக்கொள்வோம். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகாவில் நடந்த சர்வதேச வானியல் ஒன்றியக் கூட்டத்தில் கோள் என்றால் என்ன என்பதை முடிவு செய்ய 424 பேர் வாக்களித்தார்கள். சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்றது. பாதைகளையும் ஈர்ப்பையும் கணக்கிடுபவருக்கு இந்த வரையறை உதவும். மலை, பனி, வளிமண்டலம் என்று பரப்பை ஆராய்பவருக்கு அந்த மூன்றாவது நிபந்தனையால் ஒரு பயனும் இல்லை. அவர்களில் பலர் இன்றும் புளூட்டோவைக் கோள் என்றே எழுதுகிறார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'இது இயக்கவியலுக்கான வரையறை' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதிச் சண்டை அன்றே அடங்கியிருக்கும்.

புயல் வகைகளும் அப்படித்தான். அட்லாண்டிக் சூறாவளிகளுக்குக் கொடுக்கும் ஒன்று முதல் ஐந்து வரையான எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது, மழையைச் சொல்வதில்லை. 2018இல் புளோரன்ஸ் என்ற சூறாவளி வகை ஒன்றாகத்தான் கரை ஏறியது. வெள்ளம் ஊர்களை மூழ்கடித்தது. எண்ணைப் போட்டவர்களுக்கு அது காற்றுக்கான எண் என்று தெரியும். செய்தியில் கேட்பவருக்கு அது மொத்த ஆபத்தின் எண்.

இந்த விஷயத்தில் தொல்காப்பியரை எனக்குப் பிடிக்கும். புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்தார், நண்டையும் தும்பியையும் நான்கறிவில் சேர்த்தார். இன்றைய விலங்கியலோடு அது ஒத்துப்போகிறதா என்பது வேறு பேச்சு. எந்த அளவுகோலால் பிரிக்கிறேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: எத்தனை புலன் என்பதே கணக்கு. வேண்டியவர் ஏற்கலாம், வேண்டாதவர் அந்த அளவுகோலையே எதிர்த்து வாதாடலாம்.

மனிதர்களை வகைப்படுத்தும்போது இந்த ஒரு வரிக் குறிப்பு எவ்வளவு அவசியம் என்று பாருங்கள். 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நிர்வாகக் குழு தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. எதிர்த்தவர்கள் உறுப்பினர் வாக்கெடுப்பு கேட்டார்கள். 1974இல் வாக்களித்தவர்களில் 58 சதவீதம் பேர் நீக்கியது சரி என்றார்கள். 'நோயா இல்லையா என்பதைக் கையைத் தூக்கியா முடிவு செய்வது' என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு, இப்போதும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கேலி புரிவதே இல்லை. பட்டியலில் அதைச் சேர்த்ததும் ஒரு அறையில் உட்கார்ந்த சிலரின் முடிவுதானே? அப்போது அதற்கென்று யாரும் தனியாக வாக்கு எண்ணவில்லை, அவ்வளவுதான். எங்கள் பகுப்பு முறையிலும் பழைய பதிப்புகளில் அந்தப் பொருள் மனக்கோளாறுகளோடு நின்றது. இன்று 306.766, சமூகவியலில். நடுவில் எத்தனை பேர் அந்தப் பழைய தட்டின் முன்னால் தங்களைத் தேடி வந்து நின்றார்களோ!

2013இல் அதே நோய்ப் பட்டியலிலிருந்து ஆஸ்பெர்ஜர் என்ற பெயரை எடுத்து ஆட்டிசம் நிறமாலைக்குள் சேர்த்தீர்கள். ஆய்வு நோக்கில் காரணங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அந்தப் பெயரைத் தலைப்பில் தாங்கிய நூல்கள் எங்கள் தட்டில் இன்றும் இருக்கின்றன. அதைக் கேட்டு வருபவரிடம் 'அப்படி ஒரு பெயர் இப்போது இல்லை' என்று நான் சொல்ல வேண்டுமா? அவர் பல வருடமாகத் தன்னை அந்தப் பெயரில் அறிந்தவர். இயான் ஹேக்கிங் என்ற தத்துவவாதி சொன்னது இதுதான்: அணுவுக்குள் இருக்கும் குவார்க் என்ற நுண்துகளுக்கு என்ன பெயர் வைத்தாலும் அது கண்டுகொள்ளாது, மனிதர்கள் வைத்த பெயரைக் கேட்டு மாறுவார்கள், பிறகு அந்த வகையும் மாறும்.

கணினிக் குழுவினருக்குத் தனியாகக் கொஞ்சம். உங்கள் பாடத்தில் முதலில் வருவது ஐரிஸ் பூக்கள். மூன்று இனங்கள், இனத்துக்கு 50 என்று 150 பூக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவுகள். 1936இல் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் தன் கட்டுரையில் எடுத்தாண்டது. அந்தப் பூக்களை அளந்து இன்ன இனம் என்று சொன்னவர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். உங்கள் நிரல் 'துல்லியமாக' வகைப்படுத்துகிறது என்றால் ஆண்டர்சன் சொன்னதை ஒப்பிக்கிறது என்று பொருள். பூவில் அது போதும். கணினியைப் பழக்க வைத்திருக்கும் இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பில் மனிதர்களின் படங்களுக்கு ஒட்டியிருந்த பெயர்களை 2019இல் திரும்பிப் பார்த்தபோது, வசைச்சொற்களும் முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாத குணங்களும் கிடந்தன. சுமார் 6 லட்சம் படங்களை எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டுகளை முதலில் ஒட்டியவர்களுக்கு நாங்கள் செய்யும் வேலையின் ஒரு வாரப் பயிற்சியாவது கொடுத்திருக்கலாம்.

எங்கள் துறையை மட்டும் உயர்த்திப் பேசவில்லை. மதங்களுக்கென்று இருக்கும் 200களில் 220 முதல் 280கள் வரை கிறித்துவத்துக்குக் கொடுத்துவிட்டு, உலகத்தின் மற்ற மதங்களை எல்லாம் 290களில் நெருக்கி உட்கார வைத்தது எங்கள் டூயிதான். நூலக அறிஞர் அரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையைக் கொண்டுவந்தபோது ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல் பொருள், செயல், இடம், காலம் என்று முகங்களாகப் பிரித்து எண்ணாகக் கோத்தார். எண் நீளமாகிவிடும், சீட்டில் எழுத இடம் போதாது. ஆனால் எந்த அடிப்படையில் இந்த எண் வந்தது என்பது எண்ணைப் பார்த்தாலே தெரியும்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த திருத்தம் வரும்போது, இந்தக் கோடு யாருடைய எந்த வேலைக்காக என்று ஒரு பத்தி எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாதவர்களின் காரணத்தையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். பின்னிணைப்பில் போட்டால் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அப்புறம், பழையதிலிருந்து புதியதற்குப் போக ஒப்பீட்டு அட்டவணை. நோய்ப் பட்டியலின் 10ஆம் திருத்தத்திலிருந்து 11க்கு மாறியபோது உலக சுகாதார அமைப்பு அதைக் கொடுத்தது, ஆகவே முடியாத காரியம் இல்லை.

லைக்கன் நூல் தட்டுக்குப் போய்விட்டது. இப்போது மேசையில் இருப்பது ஒட்டகச்சிவிங்கி பற்றிய பழைய நூல். அதில் ஒட்டகச்சிவிங்கி ஒரே இனம். 2016இல் மரபணு ஆய்வு ஒன்று நான்கு இனம் என்றது. 2025இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமும் நான்கு என்று ஏற்றுக்கொண்டது. ஒரே இனமாக எண்ணினால் தலைகள் நிறைய, நான்காக எண்ணினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம். எதைக் காப்பாற்ற முதலில் ஓடுவது என்பது இதைப் பொறுத்தது. எண் அப்படியேதான் இருக்கும். உள்ளட்டையில் பென்சிலால் '2025 பார்க்கவும்' என்று எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பகுப்பாக்க மேசையிலிருந்து