கல்லில் மூன்று பெயர்கள்: நினைவுத்தூண் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டில் போர்வீரர்களுக்குக் கருங்கல் தூண் ஒன்றை நிறுவ முயன்றுவரும் குழுவின் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நடந்த கூட்டத்தில் நீங்கள் சுற்றுக்கு விட்ட பெயர்ப்பட்டியல் என் கைக்கும் வந்தது. தூணின் முன்புறம் நம் மாவட்டத்து வீரர்களுக்கு என்றும், பின்புறம் நாட்டின் போர்களில் உயிர்நீத்தவர்களில் சிலருக்கு என்றும் நீங்கள் பிரித்திருந்த முறையில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் பின்புறப் பட்டியலில் 'கடற்படை விமானப் பிரிவு' என்று நான் எழுதித் தந்திருந்த வரியை யாரோ நீலப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, 'விமானப்படையில் சேர்க்கவும்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே நான் குறித்திருந்த, 1971 போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட கடற்படை விமானத்தில் இருந்த மூவரின் பெயர்களுக்கு நேரே 'உடல் கிடைக்கவில்லை, பதக்க விவரம் இல்லை, பிறகு பார்க்கலாம்' என்ற குறிப்பு இருந்தது. இவ்விரண்டு திருத்தங்களையும் மறுபடி எண்ணிப் பாருங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். கூட்டத்தில் பேசியிருக்கலாம்தான், எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

நாகலூர்ப் பக்கத்தில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே பிறந்த நான், 1970களில் கடற்படையில் சேர்ந்து, கோவாவின் ஹன்சா தளத்தில் விமான மெக்கானிக்காகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். நான் கைவைத்துப் பழகிய விமானத்தின் பெயர் அலீசே. பிரெஞ்சு மொழியில் அது கடல்மேல் ஓயாது வீசும் ஒருவகைக் காற்றின் பெயர். மூக்கில் ஒற்றைச் சுழலியும், வயிற்றின் பின்பகுதியில் குடம்போல் கீழிறங்கி மேலேறும் ரேடார் கூடும், கப்பலின் லிஃப்டில் அடங்குவதற்காக மடித்து நிமிர்த்தக்கூடிய சிறகுகளும் கொண்ட அந்த விமானத்தில் மூன்று பேர் உட்கார்ந்து போவார்கள். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் பிடிப்பதுதான் அதன் வேலை. வானத்தில் எதிரி விமானம் எதிர்ப்பட்டால் திருப்பிச் சுட அதில் துப்பாக்கி கிடையாது.

கடற்படைக்காரன் எதற்கு விமானம் ஓட்டுகிறான் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டது நியாயமான கேள்விதான். நம் சேலம் கமலாபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளம். 1961இல் நம் கடற்படைக்கு வந்த பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலோ, முனை முதல் முனை வரை சுமார் 213 மீட்டர்தான். அதிலும் ஒரு பகுதியில்தான் விமானம் இறங்க முடியும். கப்பல் முன்னே ஓடிக்கொண்டிருக்கும், அலையில் தளம் ஏறி இறங்கும், வாலில் தொங்கும் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடங்களில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். பிடிக்கத் தவறினால், நொடியும் தாமதிக்காமல் மறுபடி மேலெழும்பிவிட வேண்டும். இந்த வேலைக்குப் பழகியவன் கப்பலில் தூங்கி, கப்பல் சோற்றைத் தின்று, கப்பலின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டு வாழும் மாலுமி; பறந்தான் என்பதற்காக மட்டும் அவனை வேறு படையின் கணக்கில் எழுதுவது, மாப்பிள்ளை வீட்டோடு இருக்கிறார் என்பதற்காக மாமனார் குலத்தில் சேர்த்து எழுதுவது போன்றது. நமக்கு அடுத்த சூலூரிலும் கோவையிலும் இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயக் கடற்படையின் விமானப் பிரிவு தளங்கள் வைத்திருந்ததால், இது நம் பக்கத்துக்குப் புதிய செய்தியும் அல்ல.

உடல் கிடைக்காதவருக்குக் கல் எதற்கு, பதக்கம் தெரியாதவருக்கு இடம் எதற்கு என்ற இரண்டாவது திருத்தத்துக்குப் பதிலாக, நான் வேலையில் இருந்த காலத்தில் கேள்விப்பட்டு, பிறகு தேடிப் படித்த வேற்று நாட்டு மனிதர் ஒருவரின் கதையைச் சொல்ல அனுமதியுங்கள்.

ராபர்ட் ஹாம்ப்டன் கிரே, கனடாவின் மேற்கே மலைக்கு நடுவில் ஏரிக்கரையில் இருக்கும் நெல்சன் என்ற ஊரில் வளர்ந்தவர். நம் ஏற்காட்டை ஓரளவு பெரிதாக்கினால் அந்த ஊர் கண்ணுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவருடைய தந்தை நகைக்கடைக்காரர். கொலுசுப் பட்டறைச் சத்தத்தில் கண்விழிக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் அந்தக் குடும்பம் சற்று நெருங்கி வரும். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர் 1940இல் கடற்படையில் சேர்ந்து, விமானியாகப் பயிற்சி பெற்று, ஆங்கிலேயக் கடற்படையின் ஃபார்மிடபிள் என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் 1841ஆம் அணியில் கோர்சேர் என்னும் போர்விமானத்தை ஓட்டினார். நார்வேயின் கடற்கழியில் பதுங்கியிருந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் டிர்பிட்ஸ் மீது 1944 ஆகஸ்டில் நடந்த தாக்குதல்களில் பங்கெடுத்தார். அவருடைய உடன்பிறந்தவர் கனடாவின் விமானப்படையில் இருந்து 1942இலேயே இறந்துவிட்டார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை விமானப்படை, இன்னொரு பிள்ளை கடற்படை; இருவரும் பறந்தவர்கள்தான், ஆனாலும் அந்தப் பெற்றோர் யாரை எந்தப் படையில் கொடுத்தோம் என்பதை மாற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1945 ஆகஸ்ட் 9ஆம் நாள் காலை, நாகசாகியில் அணுகுண்டு விழுந்த அதே நாளில், கிரே தம் அணியை வழிநடத்திக்கொண்டு ஜப்பானின் வடகிழக்குக் கரைக்குப் புறப்பட்டார். தாக்க வேண்டியிருந்த விமானத்தளம் முன்பே அடிபட்டிருந்ததால், ஓனகாவா விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள்மேல் திரும்பினார். கரையிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் பீரங்கிகள் சுட, அவர் மிகத் தாழ்வாகப் பறந்து நெருங்கினார். விமானம் தீப்பிடித்துவிட்டது. அப்படியும் விலகாமல் நேரே போய் அவர் விட்ட குண்டு பட்டு, அமகுசா என்ற துணைப் போர்க்கப்பல் மூழ்கியது; அதிலிருந்த ஜப்பானிய மாலுமிகள் பலர் மாண்டார்கள். கிரேயின் விமானமும் அதே விரிகுடாவில் விழுந்தது. அவருக்கு வயது 27. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அடுத்த ஆறு நாளில் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது.

பதக்கங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஜூலை 28ஆம் நாள் நடந்த தாக்குதலுக்காக அவருக்கு அளிக்கப்பட்ட பதக்கத்தின் அறிவிப்பு ஆகஸ்ட் 21இல் வெளியானது. ஆங்கிலேயப் பேரரசின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் அவர் அறியவே இல்லை. தீப்பிடித்த விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் சட்டையில் இவ்விரண்டில் எதுவும் இல்லை. பின்னால் தாளில் எழுதி வந்தவை அவை. பதக்கம் இருந்தால்தான் கல்லில் இடம் என்று நாம் வைத்துக்கொண்டால், தாள் தாமதமானவனும் தாளே வராதவனும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகு நடந்தது. 1989இல் அதே ஓனகாவாவில், அவர் மூழ்கடித்த கப்பலின் ஆட்கள் செத்துக்கிடந்த அதே கரையில், ஜப்பானியர்கள் கிரேக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 2011இல் வந்த நிலநடுக்கமும் கடற்கோளும் அந்த ஊரை வாரிக்கொண்டு போயின, கல்லும் சேதமடைந்தது. தங்கள் வீடுகளையும் உறவுகளையும் இழந்த ஊரார், ஊரை மீட்கும் வேலைக்கு நடுவே, அந்த வேற்றுநாட்டானின் கல்லையும் எடுத்து வேறிடத்தில் நிறுத்தினார்கள். எதிரியின் உடல் கிடைத்ததா என்று அவர்கள் பார்க்கவில்லை.

நம்முடைய மூவருக்கு வருகிறேன். 1971 டிசம்பர் 10ஆம் நாள், மேற்குக் கரையில் கட்ச் பகுதியை ஒட்டிய கடலின்மேல் ரோந்து சென்ற அலீசே ஒன்றைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் என்னும் ஜெட் போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் போகும் சுழலி விமானத்தை, ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் வரக்கூடிய ஜெட் துரத்தினால் என்னாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் எச்.எஸ். சிரோஹி, விமானக் குழுவின் மாலுமியான ஏர்க்ரூமேன் விஜயன் ஆகிய மூவரும் திரும்பவில்லை. நான் சேர்ந்தபோது அந்த விமானத்தின் உடன்பிறப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னிருக்கைக்காரரின் இடம் மிகக் குறுகியது. பழுது பார்க்க அதற்குள் நுழையும்போதெல்லாம் முழங்கால் கருவிப்பெட்டியில் இடிக்கும். இருட்டில், திரையின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தபடி மணிக்கணக்கில் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு, பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க வழியில்லை. விஜயனை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இருக்கை எனக்குத் தெரியும்.

ஒருவேளை பெயரைப் பொறிப்பது என்று முடிவானால், அதிகாரி பெரிய எழுத்திலும் மற்றவர் சிறிய எழுத்திலும் வரக்கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் சேலம், தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எந்த ஊர் ஆநிரையை மீட்கப் போய் யார் பட்டான் என்பதை அவற்றில் பல சொல்கின்றன. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்று போராடிய நாயின் பெயர்கூட இருக்கிறது, கோவிவன் என்று. நான் யாரையும் நாயோடு ஒப்பிடவில்லை. யார் யார் அங்கே நின்றார்களோ அவர்களையெல்லாம் எழுதிய கை அது என்கிறேன். கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு படிகளைச் சொல்லும் தொல்காப்பியத்திலும், உடல் கிடைத்தவனுக்குத்தான் கல் என்ற விதி இல்லை.

ஆகவே கடற்படை விமானப் பிரிவு என்ற தலைப்பைத் தனியாகவே விடுங்கள். அதன் கீழ் மூவரின் பெயர்களையும் ஒரே அளவில் பொறியுங்கள். எப்படிப் போனார்கள் என்று ஒரே ஒரு வரி சேருங்கள். கல்தச்சர் எழுத்துக் கணக்கில்தான் கூலி கேட்கிறார் என்பதும், 'லெப்டினன்ட் கமாண்டர்' என்ற நீளப் பெயரே உங்களைப் பயமுறுத்தியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தலைப்புக்கும் மூன்று பெயர்களுக்கும் கீழ்வரும் வரிக்குமான கூலி முழுவதையும் என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பணத்தைக் கொண்டுவருகிறேன். வரியை இப்போதே எழுதித் தந்துவிடுகிறேன், யாரும் அடிக்காமல் இருந்தால் போதும்:

'1971 டிசம்பர் 10 அன்று கட்ச் கடலின்மேல் அலீசே விமானத்தில் காவல் சென்ற இம்மூவரும் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தனர்.'

இப்படிக்கு,
கடற்படையின் முன்னாள் விமான மெக்கானிக் ஒருவர்,
நாகலூர், ஏற்காடு மலை