24 வயதும் 'திருமணமாகாதவர்' என்ற வரியும்: ஆயுதப்படை மருத்துவச் சேவைகள் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். புணே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியின் எம்.பி.பி.எஸ். சேர்க்கை அறிவிப்பில் இந்த ஆண்டும் அதே இரண்டு வரிகள். 24 வயது நிரம்பியிருக்கக் கூடாது. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பள்ளி முடித்து நேரே வரும் பிள்ளைகளுக்கு இவை பெரிய தடையில்லை. இராணுவ மருத்துவமனையின் ஆபீசிலும் ஸ்டோரிலும் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு, இனி நோயாளியின் பக்கம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இந்த இரண்டு வரிகளிலேயே கதவு மூடிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். அக்னிவீர் திட்டம் வருவதற்கு முன் 20 வயதில் கிளார்க்காகச் சேர்ந்தவருக்கு பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். அப்போது அவருக்கு 35. வெளியே வந்து நீட் எழுதலாம். 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அதற்கான வயது உச்சவரம்பையே எடுத்துவிட்டது. முதல் முயற்சியிலேயே இடம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. பட்டம் கைக்கு வரும்போது வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். குறுகிய கால இராணுவ மருத்துவ அதிகாரிப் பணிக்கு (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்) எம்.பி.பி.எஸ். முடித்தவர்களை எடுக்கும்போது நீங்கள் வைத்திருக்கும் வரம்பு 30. இராணுவ மருத்துவமனையில் 15 ஆண்டு உழைத்தவர், சொந்தச் செலவில் மருத்துவராகித் திரும்பி வந்து நின்றாலும் உள்ளே இடமில்லை.

பென்ஷனே வேண்டாம் என்று ஒன்பதாம் ஆண்டில் விலகினால்? 29 வயதில் கல்லூரி, முடிக்கும்போது முப்பத்து நாலரை. அப்போதும் நாலரை ஆண்டு தாமதம். அக்னிவீர் திட்டத்தில் 21 வயதில் சேர்ந்தவர் நான்காண்டு முடித்து வெளியேறும்போது அவருக்கு 25. உங்கள் கல்லூரிக்கான வயது போய்விட்டது. ஒரு நாள்கூட வீணாக்காமல் வெளியில் படித்தாலும் முடிக்கும்போது முப்பதரை. ஆறு மாதத்தில் குறுகிய காலப் பணி வாய்ப்பும் போகிறது. திறமையைச் சோதித்துப் பார்த்து யாரும் இவர்களை நிறுத்தவில்லை. தேர்வு அறை வரைகூட இவர்கள் வருவதில்லை.

சர்வீசில் இருந்துகொண்டே படிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். எம்.பி.பி.எஸ். வகுப்பில் தியரிக்கு 75 சதவீதமும் பிராக்டிகலுக்கு 80 சதவீதமும் வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு உடற்கூறு மேசைக்கு முன்னால் நிற்க முடியாது. வார்டில் கற்க வேண்டியதை அஞ்சல் வழியில் கற்கவும் முடியாது. அப்படியொரு குறுக்கு வழியை நாங்கள் கேட்கவும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தனிச் சிக்கல். நர்சிங் அசிஸ்டென்ட் ஆள்சேர்ப்புக்கே இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் கேட்கிறீர்கள். நீட் எழுதத் தேவையான பாடங்களும் இவைதான். கிளார்க்காகவோ ஸ்டோர் கீப்பராகவோ சேர எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் போதும், மொத்தம் 60 சதவீதம் வேண்டும். அதனால் வணிகவியல் படித்து வந்தவர்கள் நிறையப் பேர். உயிரியலைக் கூடுதல் பாடமாகப் பின்னர் எழுதித் தேறினாலும் செல்லும் என்று 2023 நவம்பரில் ஆணையம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்த பிறகு போஸ்டிங் (இடமாற்றம்) வந்தால் தேர்வு மையம் ஒரு மூலையில், யூனிட் இன்னொரு மூலையில். செய்முறைத் தேர்வு நாளன்று லீவு கிடைக்கவில்லை என்றால் ஓராண்டே போய்விடும். நீட் விண்ணப்பத்திலும் இதே கதிதான். யூனிட்டின் அனுமதி மேலே போய்த் திரும்பி வருவதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்துவிடும்.

நிர்வாகம் தெரிந்தவர் மருத்துவம் தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். அதில் எங்களுக்குக் குழப்பமே இல்லை. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும். அதை யாருக்கு எத்தனை யூனிட் போடலாம் என்பது அவர் படித்து அறிய வேண்டியது. மெடிக்கல் போர்டு தாளில் ஷேப்-1 (முழு உடல்தகுதி) வகை பி-3 (குறைந்த உடல்தகுதி) ஆக மாறியதைப் பதிவு செய்யும் கிளார்க்கால் அந்த இதயத்தைக் கேட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நீட் மதிப்பெண்ணில் சலுகை வேண்டாம் என்கிறோம். 180 கேள்வி, 180 நிமிடம், தப்புக்கு ஒரு மதிப்பெண் குறையட்டும். நேர்காணலும் எல்லோருக்கும் உள்ளதே இருக்கட்டும்.

கேட்பது ஒன்றுதான்: சர்வீஸ் அறுபடாமல் மருத்துவம் படிக்க ஒரு வழி. இது படைக்குப் புதிதும் அல்ல. டேராடூனில் ஆர்மி கேடட் காலேஜ் இருக்கிறது. இரண்டாண்டு சர்வீஸ் போட்ட ஜவான், 20 முதல் 27 வயதுக்குள், தேர்வில் தேறினால் அங்கே மூன்றாண்டு படித்துப் பட்டம் வாங்கி, இந்திய ராணுவ அகாடமியில் ஓராண்டு பயிற்சி முடித்து அதிகாரியாக வெளியே வருகிறார். துப்பாக்கி ஏந்தும் பிரிவுக்கு ஜவானிலிருந்து அதிகாரியை எடுக்கத் தெரிந்த அமைப்புக்கு, அதே ஜவானிலிருந்து மருத்துவரை எடுக்க ஏன் மனம் வரவில்லை? அமெரிக்கப் படைகளில் 2014 முதல் அதிகாரி நிலைக்குக் கீழே உள்ளவர்களைச் சம்பளத்தோடு இரண்டாண்டு படிக்க வைத்து மருத்துவக் கல்லூரி நுழைவுக்குத் தயார் செய்கிறார்கள்.

வெளியே போனவர்களின் நிலையையும் பாருங்கள். 15 ஆண்டு டிரிப் ஏற்றி, கட்டுப் போட்டு, ஆம்புலன்சில் காயம்பட்டவரைத் தாங்கிப் பிடித்தவர் வங்கி வாசலில் காவலாளியாக நிற்கிறார். முன்னாள் படைவீரரின் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் ஒதுக்கும் மாநிலங்கள் உண்டு. நல்லதுதான், அது தொடர வேண்டும். ஆனால் அந்தப் படைவீரரே படிக்க விரும்பினால் பிள்ளைகளுக்கான அந்த ஒதுக்கீடு அவருக்கு இல்லை. மருத்துவப் படையில் மருத்துவரல்லாதவர் என்பதால் 'நான்-டெக்னிகல்' என்ற பெயரோடே ஓய்வு பெறும் அதிகாரிகளின் மனக்குறை இன்னும் பெரிது. அதை இங்கே நீட்ட விரும்பவில்லை.

ஆகவே பணிவோடு கேட்கிறோம். புணேயில் ஆண்டுக்கு எடுக்கும் 150 பேருக்கு மேல், மருத்துவப் படையில் பணியில் இருப்பவர்களுக்கென ஐந்து இடம் கூட்டுங்கள். அவர்களுக்கு நுழைவு வயதை 30 ஆக்குங்கள்; திருமணமாகியிருந்தால் விலக்காதீர்கள். படிக்கும் காலத்தில் பழைய ரேங்கின் சம்பளமும் சர்வீசும் தொடரட்டும். உயிரியல் எழுதுபவருக்குத் தேர்வு முடியும் வரை போஸ்டிங் வேண்டாம். முதலாண்டுத் தேர்வுக்கு ஆணையம் தரும் நான்கு வாய்ப்பிலும் தேறாதவர் பழைய வேலைக்கே திரும்பட்டும். தேறியவரிடம் 20 ஆண்டு படையில் பணியாற்றுவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தயங்காமல் கையெழுத்திடுவார்கள்.

நீட் விண்ணப்பம் வழக்கமாக பிப்ரவரி வாக்கில் தொடங்கும். உங்கள் உத்தரவு மருத்துவப் படையினரின் சர்வீஸ் ஆவணங்களைப் பார்க்கும் லக்னோ ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக எல்லையில் இருக்கும் கடைசி ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற கள மருத்துவ யூனிட்டின் நோட்டீஸ் போர்டு வரை போய்ச் சேர வேண்டும். அதற்கு நாளாகும். எனவே டிசம்பருக்குள் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மரியாதையுடன்,
இராணுவ மருத்துவமனை ஆபீசிலும் ஸ்டோரிலும் வார்டிலும் பணியாற்றியவர்கள்