பக்கவாத்தியம் யார் என்று பார்

கார்போரோ, வட கரோலினா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "புதிதாக ஒரு பாட்டும் அகப்படவில்லை, எதைக் கேட்டாலும் முந்தின பாட்டைப் போலவே இருக்கிறது, உனக்கு மட்டும் எங்கிருந்தம்மா இந்தப் பாடகர்கள் கிடைக்கிறார்கள்?" என்று நீ கேட்டபோது அடுப்பில் ரசம் பொங்கி வந்துகொண்டிருந்தது. வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு நினைத்துப் பார்த்தால், அது அடுப்படியில் நின்று சொல்லி முடிகிற விஷயமாகத் தோன்றவில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தாத்தா கும்பகோணத்தில் சபா நோட்டீஸ் கைக்கு வந்ததும் பாடகர் பெயரைப் பார்க்கமாட்டார். "பெரிய எழுத்தில் இருப்பதை எல்லாரும் படித்துவிடுவார்கள், சின்ன எழுத்தில் இருப்பதை நீ படி" என்று சொல்லி, பிடில் யார், மிருதங்கம் யார் என்று என்னையே வாசிக்கச் சொல்வார். ஒரு பிடில் வித்துவான் பேரில் அவருக்கு அபிமானம் வந்துவிட்டால், அவர் யாருக்கு வாசித்தாலும் போய்க் கேட்பார். அப்படிப் போன இடத்தில்தான், அதுவரை கேள்விப்பட்டிராத இளம் பாடகர்கள் பலரை அவர் தெரிந்துகொண்டார். அமெரிக்காவின் ஃபோக் என்னும் நாட்டுப்புற இசையை நான் கேட்டுப் பழகியதும் இந்த ஒரு வழியில்தான். இந்த ஊர்க்காரர்களும் வயலினைப் பிடில் என்றே சொல்கிறார்கள் என்று முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை.

பாட்டுச் செயலி போட்டுத் தரும் பட்டியலை நானும் நம்பியிருந்த காலம் உண்டு. காலைக் காப்பி நேரத்துக்கென்று மெல்லிய கித்தார் பாட்டுகளாகத் தொகுத்த ஒரு பட்டியலை ஏழெட்டு மாதம் கேட்டேன். அதிலே ஒருவருடைய வாசிப்புப் பிடித்துப்போய், அவர் எந்த ஊர்க்காரர், எங்கே கச்சேரி செய்கிறார் என்று தேடினால், ஊர் இல்லை, மேடை இல்லை, புகைப்படம் இல்லை, கூட வாசித்தவர் பெயர் இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அன்றோடு அந்தப் பட்டியலை விட்டேன். நீ ஏற்கெனவே விரும்பியதைப் போன்ற ஒன்றைத்தான் செயலி உனக்குத் தரும். ஒரு பாடகரைக் கேட்டால், அவர் விரும்புகிற, உனக்குச் சற்றும் பழக்கமில்லாத ஒருவரைக் காட்டுவார்.

நான் போன வழி ஒன்றைச் சொல்கிறேன். நீ சிறுவனாக இருந்தபோது சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பாதைக்கு லிபா காட்டன் பாதை என்று பெயர் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பெயருக்குரிய எலிசபெத் காட்டன் 1893இல் இந்த ஊரில், அதையொட்டிய இருப்புப் பாதைக்கு அருகில் பிறந்த கறுப்பினப் பெண். வீட்டுவேலை செய்து சேர்த்த 3 டாலர் 75 செண்டில் ஒரு கித்தார் வாங்கி, இடக்கைப் பழக்கம் உள்ளவராதலால் அதைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மேல்சுரங்களையும் மற்ற விரல்களால் கீழ்சுரங்களையும் மீட்டத் தாமே கற்றுக்கொண்டார். சரக்கு ரயிலைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாட்டைச் சிறுமியாக இருந்தபோதே கட்டிவிட்டார். பிறகு குடும்பமும் தேவாலயமும் வேலையுமாகப் பல பத்தாண்டுகள் கித்தாரைத் தொடவில்லை. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை செய்தபோது, தாயைத் தவறவிட்ட ஒரு பெண் குழந்தையைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார். அது நாட்டுப்புற இசையில் பேர்பெற்ற சீகர் குடும்பத்துக் குழந்தை. அந்த வீட்டுக்கே வேலைக்குப் போனவர், சுவரில் மாட்டியிருந்த கித்தாரை எடுத்து வாசிக்கப்போய், அந்த வீட்டுப் பிள்ளையான மைக் சீகர் அதைப் பதிவு செய்ய, 1958இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அப்போது அவருக்கு 65 வயது. கிராமி விருது கிடைத்தபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தார். புதிய பாடகர் என்றால் வயதில் இளையவராக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதில்லை என்றால், அதற்கு இந்த அம்மாள்தான் காரணம்.

இங்கேதான் தாத்தாவின் புத்தி எனக்கு உதவியது. பதிவு செய்த மைக் சீகர் வேறு யாருடனெல்லாம் வாசித்தார் என்று பார்த்தேன். ஆலிஸ் ஜெரார்ட் என்ற பெயர் வந்தது. ஹேசல் டிக்கன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1965இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டவர்; ஆண்களே நிறைந்திருந்த, புளூகிராஸ் என்னும் நாட்டுப்புற இசை மேடையில் இரண்டு பெண்கள் தாங்களே முன்னால் நின்று பாடியது அந்தக் காலத்தில் சிறிய காரியம் அல்ல. அவர் நம் பக்கத்து ஊரான டர்ஹமில் வாழ்பவர் என்று தெரிந்ததும், இத்தனை நாள் எங்கே போயிருந்தேன் என்று என்னையே கடிந்துகொண்டேன். 2014இல், எண்பது வயதில், அவர் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதன் அட்டையில் சின்ன எழுத்தில், தயாரித்தவர் எம்.சி. டெய்லர் என்று இருந்தது. அவர் ஹிஸ் கோல்டன் மெசஞ்சர் என்ற பெயரில் பாடுகிறவர். அவருடைய தொகுப்புகள் பலவற்றை வெளியிட்டதும் டர்ஹமில் உள்ள மெர்ஜ் என்னும், பெரிய கம்பெனிகளைச் சாராத நிறுவனம்தான். ஆலிஸோடு பிடில் வாசிக்கும் இளம்பெண் டாடியானா ஹார்கிரீவ்ஸ். அவர் கனடாவின் வின்னிபெக் நகரத்து, பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியக் கலைஞர் ஆலிசன் டி க்ரூட்டோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட தொகுப்பைத்தான் போன வருஷம் உனக்கு அனுப்பினேன், நீ இன்னும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பிடிலும் பாஞ்சோவும் ஒன்றையொன்று முந்தாமலும் விட்டுக்கொடுக்காமலும் போகிற அந்த வாசிப்பு, சில இடங்களில் தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் இரண்டு வித்துவான்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வதை எனக்கு நினைவுபடுத்துகிறது. 1893இல் பிறந்தவரிடம் தொடங்கி, இன்றைய இளைய தலைமுறையைச் சேர்ந்த இருவரிடம் வந்து சேர்ந்தேன். வழியில் எந்தப் பட்டியலும் எனக்குத் தேவைப்படவில்லை.

கிளை வழிகளும் உண்டு. இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில் மெபன் என்ற சிற்றூரில் ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பினப் பிடில் கலைஞர் இருந்தார். 2005இல் மூன்று இளைஞர்கள் வியாழக்கிழமை மாலைதோறும் அவர் வீட்டுக்குப் போய், ஏடும் எழுத்தும் இல்லாமல், அவரோடு கூடவே வாசித்து வாசித்துக் கற்றுக்கொண்டார்கள். நம் ஊர்க் குருகுலத்துக்கும் இதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை. அந்த மூவரில் ஒருவர் ரியானன் கிடென்ஸ். பாஞ்சோ வெள்ளைக்காரர்களின் மலைநாட்டு வாத்தியம் என்று பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருந்தபோது, அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம் என்பதை மேடைக்கு மேடை சொல்லியும் வாசித்தும் காட்டியவர் அவர். 2023இல் ஓர் ஓபராவுக்காகப் புலிட்சர் பரிசை மைக்கேல் ஏபல்ஸோடு பகிர்ந்துகொண்டார். இப்போது அவர் உனக்குத் தெரிந்த பெயர். அவர் யாரை அழைத்துக்கொண்டு மேடையேறுகிறார் என்று பார்த்தால் தெரியாத பெயர்கள் வரும்.

"அமெரிக்கானா என்றால் சரியாக என்ன?" என்றும் கேட்டாய். என்னைக் கேட்டால் அது ஒரு கடைப் பலகை. கன்ட்ரி வானொலி நிலையங்கள் சேர்த்துக்கொள்ளாத, ராக் நிலையங்களும் சேர்த்துக்கொள்ளாத பாடகர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று 1990களில் வைத்த பெயர். 1999இல் நாஷ்வில்லில் அதற்கென்று ஒரு சங்கம் வந்தது. 2010 முதல் கிராமியிலும் தனிப் பரிசு இருக்கிறது. பழைய ஃபோக், புளூஸ், கன்ட்ரி, தேவாலயப் பாட்டு எல்லாம் கலந்த சாம்பார் என்று வைத்துக்கொள். பலகையைப் பற்றி இதற்கு மேல் கவலைப்படாதே.

நான் பழக்கமாகச் செய்வது மூன்று நான்கு காரியங்கள்தான். ஃபோக்வேஸை 1948இல் தொடங்கிய மோசஸ் ஆஷ், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளில் ஒன்றையும் விற்பனையிலிருந்து விலக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். அகரவரிசையில் விற்காத எழுத்து என்பதற்காக ஓர் எழுத்தை எடுத்துவிடுவோமா என்பது அவருடைய வாதம். அவர் இறந்த பிறகு, எல்லாம் எப்போதும் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1987இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக நிறுவனம் அதை ஏற்றது. ஒவ்வொரு தட்டோடும் வரும் குறிப்புப் புத்தகத்தை இன்றைக்கும் இலவசமாகவே இறக்கிப் படிக்கலாம். யார் வாசித்தார், யாரிடம் கற்றார், எந்த ஊர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இரவில் தூக்கம் வராதபோது நான் கதைப் புத்தகத்துக்குப் பதில் அதைத்தான் படிக்கிறேன்.

கச்சேரிக்குப் போனால், அறிவித்த நேரத்துக்கே போய்விடுவேன். முக்கியப் பாடகர் ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்று பெரும்பாலோர் எட்டரைக்கு மேல் வருகிறார்கள். எட்டு மணிக்கு, பாதி காலியான அரங்கில், கித்தாரோடு தனியாக நின்று பாடுகிறவரை முக்கியப் பாடகரே தேர்ந்தெடுத்து அழைத்து வந்திருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கச்சேரி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு அவரே தம் இசைத்தட்டுகளை விற்றுக்கொண்டு நிற்பார். நான் ஒன்றை வாங்கிக்கொண்டு, "இப்போது நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள்?" என்று கேட்பேன். புடவை கட்டிய ஓர் அம்மாள் இப்படிக் கேட்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பதில் சொல்லாதவர் ஒருவரும் இல்லை. ஒருவர் நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் நான்கு பெயர்களை எழுதிக் கொடுத்தார், நான்கும் பொன்.

சிலர் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே கச்சேரி வைக்கிறார்கள். இருபது முப்பது பேர் உட்கார்ந்து கேட்டு, உண்டியலில் இடும் பணம் முழுவதும் பாடகருக்குப் போகும். ஒரு வீட்டுக்கு நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். அலபாமாவிலிருந்து தனியாகக் கார் ஓட்டி வந்திருந்த பெண், பாடுவதற்கு முன்னால் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது எனக்கு மனநிறைவாக இருந்தது. ஒலிபெருக்கி இல்லாமல் நாலடி தூரத்தில் ஒருவர் பாடும்போது, மூச்சை எங்கே இழுக்கிறார் என்பதும் கேட்கிறது.

வாங்குவதைப் பற்றியும் ஒன்று. ஸ்பாட்டிஃபை 2024 முதல், ஓர் ஆண்டில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்குக் காசே தருவதில்லை. பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையில் வாங்கினால், பாட்டு விலையில் நூற்றுக்குப் பதினைந்து அவர்கள் எடுத்துக்கொண்டு, பணம் அனுப்பும் கட்டணம் போக மிச்சம் பாடகருக்குப் போகிறது. தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். பிறகு அப்படிப்பட்ட வெள்ளிகள் பல வந்தன. எனக்கு அதைவிடப் பிடித்தது, ஒரு தொகுப்பின் பக்கத்திலேயே அதை வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக இருப்பதுதான். ஒருவரைத் தொட்டால் அவர் வேறு என்னென்ன வாங்கியிருக்கிறார் என்று தெரியும். முகம் தெரியாத யாரோ ஒருவரின் வீட்டு அலமாரியைப் புரட்டுவது போல மணிக்கணக்காக அதில் உட்கார்ந்துவிடுவேன், அப்பா கோபித்துக்கொள்வார்.

நீ மினியாபொலிஸ் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. உன் ஊரிலேயே சீடார் என்ற அரங்கு இருக்கிறது. ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையாக இருந்த கட்டடம். லாப நோக்கில்லாமல், தன்னார்வலர்களின் உதவியோடு 1989 முதல் நடக்கிறது. உன் மாநிலத்துக்காரர் சார்லி பார் பழைய புளூஸ் பாணியில் கித்தாரை விரலால் மீட்டுகிறவர். அவருடைய அண்மைத் தொகுப்புகளை வெளியிடுவது அதே ஃபோக்வேஸ்தான். வடக்கே துலூத்தில் கேலின் லீ என்ற பெண், எலும்பு எளிதில் முறிகிற பிறவி நோயோடு பிறந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்து பிடிலை, செல்லோ என்னும் பெரிய பிடிலைப் போல நிமிர்த்தி வைத்து வாசிக்கிறார். 2016இல் தேசியப் பொது வானொலி நடத்திய போட்டியில் ஆயிரக்கணக்கானோரிடையே முதலிடம் பெற்றார். அந்தப் போட்டியில் தோற்றவர்களின் காணொளிகளையும் கேட்டுப் பார், நடுவர்கள் தவறவிட்டவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறவர்கள் சிலர் அதில் இருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. நான் உனக்கு அனுப்பிய அந்தப் பிடில்–பாஞ்சோத் தொகுப்பைத் தயாரித்தவர் டர்ஹம்காரரான ஃபில் குக். அவர் பிறந்தது உன் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், சிப்பேவா ஃபால்ஸில். உன் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும். 2005இல் நண்பர்களோடு ஒரு குழுவாக இங்கே குடிவந்தார். குழு கலைந்ததும் அவர் இங்கேயே தங்கிவிட்டார். ஊருக்குத் திரும்பிப்போய்க் குளிர்காலத்தில் ஒரு குடிலில் தனியாக உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்த நண்பர்தான், நீ கல்லூரியில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த போன் ஈவர் குழுவின் ஜஸ்டின் வெர்னன். ஆக, என் சைக்கிள் பாதையில் தொடங்கியது உன் பழைய பாட்டில் வந்து நிற்கிறது. அங்கிருந்து நீ வேறு பக்கம் போகலாம்.

மழை ஜாக்கெட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய், வரும் வாரம் அஞ்சலில் அனுப்புகிறேன். இந்த மாதம் சீடாருக்கு ஒரு தடவை, நேரத்துக்கே போய், முதலில் பாடியவர் யார், அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர் யார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா