கடைக்குப் போகும்போது டோக்கனையும் எடுத்துப் போ

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்ததால் உட்கார்ந்து பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் அவர் முதலில் கேட்டது, "என் டைரி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றுதான். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். உன் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

உன் முதுகுவலி குறைந்திருப்பது நிம்மதி. நடையை மட்டும் விட்டுவிடாதே.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன். கீல் உடைந்த மூடியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு, சார்ஜர் வயரைக் கழற்றாமல் ஒரு வருடமாக ஓட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். மகள் ஆப்பிளின் மேக் வாங்கச் சொல்கிறாள், மைத்துனர் விண்டோஸைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறார், இரண்டையும் வைத்துப் பார்த்தவன் நீ, நீயே சொல் என்று கேட்டிருந்தாய். இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், இப்போதே புதிது வாங்கத்தான் வேண்டுமா? வேண்டும். கீலையும் பேட்டரியையும் மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய விஷயமே இல்லை. சிக்கல் உள்ளே இருக்கிறது. உன் லேப்டாப்பில் ஓடும் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. உன் இயந்திரத்தில் இருப்பது இன்டெலின் ஆறாம் தலைமுறைச் சிப். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உன் மனைவியின் தொழில் கணக்கு, வங்கிக் கடவுச்சொல், வரித்தாக்கல் எல்லாம் அந்த ஒரு இயந்திரத்தில்தானே நடக்கிறது? அதில் துணிச்சல் காட்ட வேண்டாம்.

என் மேக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. இருபது வருடம் அலுவலகத்தில் விண்டோஸிலேயே வேலை பார்த்தவன் நான். மடியில் வைத்தால் தொடை சுடும், நாலு வேலையைச் சேர்த்துக் கொடுத்தால் ஃபேன் இரையும், லேப்டாப் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பழகியிருந்தேன். மேக்புக் ஏர் வாங்கிய முதல் நாள் இரவு, தங்கை மகன் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி ஏற்றுமதி செய்யக் கொடுத்தேன். சத்தமே இல்லை. வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா என்ற சந்தேகத்தில் கீபோர்டின் மேல் காதை வைத்துப் பார்த்தேன். அதற்குள் ஃபேனே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குக் காரணம் சிப். 2020 நவம்பரில் ஆப்பிள் இன்டெலை விட்டு விலகி எம்1 என்ற தன் சொந்தச் சிப்பை மேக்கில் வைத்தது. கைப்பேசிகளில் இருக்கிற ஆர்ம் வகைச் சிப் அது. குறைந்த மின்சாரத்தில் வேலை முடிப்பதற்கென்றே வளர்ந்த குடும்பம். அதனால் சூடும் குறைவு, சார்ஜும் நிற்கும். காலையில் கழற்றினால் சாயங்காலம் வரை நான் சார்ஜரைத் தேடுவதில்லை. உன் மகள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

இப்போது அப்பாவின் டைரி. 1968லிருந்து எழுதிய பதினொரு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. காகிதம் பழுத்து ஓரம் உதிர ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் இரண்டு பக்கம் என்று தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் கூடவே வருகின்றன, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸிலும் இப்போது தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, ஆகையால் இதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. வித்தியாசம் தெரிந்தது திரையில். என் பழைய லேப்டாப்பில் 'ஈ'யின் புள்ளிகளும் 'ணை'யின் சுழிகளும் கலங்கிப்போய்த் தெரியும், பெரிதாக்கினால்தான் படிக்கலாம். இதில் ஓர் அங்குலத்துக்கு 224 புள்ளிகள். கட்டுப் பிரித்த மூன்றாம் நாள், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அப்பா முன்னால் வைத்தேன். தன் டைரியைத் தானே வாசித்தார். கண்ணாடி போடவில்லை. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க ஒற்று விட்டுப்போச்சு பார்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார், நான்தான் விட்டிருந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மேக்கையே வாங்கு என்று சொல்லப் போகிறான் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. மனைவியின் தொழில் கணக்கு ஓடுவது விண்டோஸில் மட்டும் இயங்கும் ஒரு மென்பொருளில், தாக்கல் செய்யும்போது டிஜிட்டல் கையொப்பத்துக்கு ஒரு யுஎஸ்பி டோக்கனைச் செருக வேண்டும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்த வரிதான் முடிவைச் சொல்கிறது.

மேக்கிலேயே விண்டோஸை ஓட்டலாமே என்று மகள் கேட்பாள். முன்பு இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் என்று ஒரு வழி இருந்தது, வட்டைப் பிரித்து ஒரு பாதியில் விண்டோஸை முழுதாகவே ஏற்றிக்கொள்ளலாம். ஆப்பிளின் சொந்தச் சிப் வந்ததும் அது போய்விட்டது. இப்போது இருப்பது பேரலல்ஸ் மாதிரியான மென்பொருள்கள். அவற்றில் ஓடுவது ஆர்ம் சிப்புக்கென்று எழுதப்பட்ட விண்டோஸ். பழைய நிரல்களை அது உள்ளுக்குள்ளேயே மொழிபெயர்த்து ஓட்டிவிடும், உன் கணக்கு மென்பொருள்கூட அநேகமாகத் திறந்துகொள்ளும். டோக்கன் விஷயம் அப்படியில்லை. அதற்கு டிரைவர் வேண்டும், அதாவது செருகிய கருவியோடு விண்டோஸ் பேச உதவும் சிறு நிரல். டிரைவர்களை அப்படி மொழிபெயர்த்து ஓட்ட முடியாது, ஆர்முக்கென்றே தனியாக எழுதியிருந்தால்தான் வேலை செய்யும். டோக்கன் தயாரித்தவர்கள் அதை எழுதியிருக்கிறார்களா என்று பார்க்காமல் வாங்கிவிட்டு, தாக்கலுக்குக் கடைசி நாள் அன்று, செருகிய டோக்கன் கண்டுகொள்ளப்படாமல் கிடந்தால் உன் மனைவி என்ன செய்வார்?

இதே காரணத்தால் விண்டோஸ் லேப்டாப்பிலும் ஒன்றைக் கவனி. 2024லிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் வருகின்றன. மெல்லியவை, பேட்டரி அருமையாக நிற்கும், கடைக்காரர் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பார். அதுவும் ஆர்ம்தான். மேக்கில் சொன்ன அதே டிரைவர் சிக்கல் அங்கும் உண்டு. ஆகவே இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ளதாகப் பார். சார்ஜ் நிற்காதே என்று கவலைப்படாதே. இன்டெலே 2024 செப்டம்பரில் கோர் அல்ட்ரா 200வி என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது, பேட்டரிக் குறையைப் போக்கத்தான் முதன்மையாக. ஒரு நண்பர் வைத்திருக்கிறார், வெளியே போகும்போது சார்ஜரை எடுத்துப் போவதில்லை.

அடுத்தது மெமரி, அதாவது நிரல்கள் ஓடும்போது பயன்படும் ராம். இதை மட்டும் மனதில் போட்டு வை, மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. மேக் வாங்குவதற்கு முன் நான் ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கினேன். 8 ஜிபி போதும், தேவைப்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார், நம்பினேன். ஒன்றரை வருடத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. 8 ஜிபி துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போனேன். பின் மூடியின் பத்துத் திருகுகளையும் கழற்றினார். விளக்கைக் கிட்டே இழுத்து மதர்போர்டின் மேல் நாலு கறுப்புச் சதுரங்களைக் காட்டினார். "சார், மெமரி இதுதான். ஒட்டியே வந்திருக்கு. ஸ்லாட்டே கிடையாது" என்றார். அவர் மூடியைத் திரும்பப் பூட்டும்வரை, வாங்கிப் போன துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பணம் போனதைவிட, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் வாங்கினேனே என்பதுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. மேக்கில் மெமரி சிப்போடு சேர்ந்தே இருக்கும், நான் சொன்ன இன்டெல் 200வியிலும் அப்படியே. தவறு என்று சொல்லமாட்டேன், வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் அது உதவுகிறது. வாங்கும் அன்றே ஆறேழு வருடத்துக்கு யோசித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். 16 ஜிபிக்குக் கீழே எதையும் தொடாதே. ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப அளவை 8லிருந்து 16க்கு உயர்த்திவிட்டது. வேகமான சிப்பா, கூடுதல் மெமரியா என்று வந்தால் மெமரியை எடு.

திரையைப் பற்றி அப்பா கதையில் சொல்லிவிட்டேன். கடையில் விளக்குகள் பளீரென்று எரியும், அதற்கு ஏற்றபடி திரையின் பிரகாசத்தையும் முழுதாக வைத்திருப்பார்கள். வாசல் பக்கம் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார். நோட்பேடைத் திறந்து தமிழில் பத்து வரி அடி. விரலுக்குக் கீபோர்டு ஒத்துவருகிறதா, எழுத்து கண்ணை உறுத்தாமல் இருக்கிறதா என்று அந்தப் பத்து வரியிலேயே தெரிந்துவிடும். விவரச் சீட்டில் திரையின் பிரகாசத்தை 300 நிட்ஸுக்குக் குறைவாகப் போட்டிருந்தால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. நீ எப்போதும் ஜன்னல் ஓரத்தைத்தான் பிடிப்பாய், விடுதி அறையிலேயே அதற்காக என்னோடு சண்டை போட்டவன் ஆயிற்றே.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டு 512 ஜிபி எடு. பல விண்டோஸ் லேப்டாப்களில் அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், மேக்புக் ஏரில் முடியாது. சாதாரண யுஎஸ்பி துளை ஒன்றாவது இருக்கட்டும், டோக்கன் நேராகச் செருக வேண்டுமே.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஒரு காரியம் செய். இப்போதெல்லாம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் 11ஐ அமைத்தால், வட்டு முழுவதையும் தானாகவே மறையாக்கம் செய்துவிடுவது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுவது, வழக்கமாகிவிட்டது. திருடு போனாலும் யாரும் எதையும் எடுக்க முடியாது என்பதால் நல்லதுதான். ஆனால் என்றைக்காவது கோளாறு வந்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது உன் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எடுத்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடு. என்னுடன் வேலை பார்த்த ஒருவர், எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினோம் என்பதையே மறந்துவிட்டார். மூன்று வருடப் புகைப்படங்கள் போய்விட்டன.

மகளுக்கு ஒரு வார்த்தை. அவள் வீடியோ வெட்டும் வேலையைத் தொழிலாகவே எடுக்கப் போகிறாள் என்றால், அவளுக்கென்று வாங்கும்போது மேக்கையே வாங்கிக் கொடு, நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் புதிதாகவே வாங்கு. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய இன்டெல் மேக் பக்கம் போகவேண்டாம், 2025இல் வந்த டாஹோ என்கிற மேக் இயங்குதளம்தான் அவற்றுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. முதல் வாரம் அவளுக்குக் கை தடுமாறும். கண்ட்ரோல் விசைக்குப் பதில் கமாண்ட் விசை, மூலையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் திரையில் அந்த ஜன்னல் மட்டும் மூடும், நிரல் மூடாது. அப்புறம் உங்கள் வீட்டு வெளி ஹார்டுடிஸ்க்கை மேக்கில் செருகினால் படிக்கும், ஆனால் எழுதாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருப்பதுதான் காரணம். இருவரும் பகிர்ந்துகொள்ள ஒரு வட்டை எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் முதலில் நகல் எடுத்துவிடச் சொல்.

கடைக்குப் போகும் அன்று அந்த டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போ. மனைவியையும் அழைத்துப் போ, அந்தக் கீபோர்டில் அதிகம் உட்காரப் போவது அவர்தானே. மாடல் பெயரை எனக்கு எழுது, அல்லது அங்கிருந்தே கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுக்கிறேன்.

நேற்று தட்டச்சு செய்த பக்கத்தில் நீ வந்தாய். நாம் கல்லூரியில் சேர்ந்த வருடத்து விடுமுறை. "பையனோடு அறைத்தோழன் வந்திருக்கிறான். கூச்சப்படுகிறான். ராத்திரி மாடியில் இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது" என்று எழுதியிருக்கிறார். வாசித்துக் காட்டினேன். "அவன் எப்படி இருக்கான், எப்ப வருவான்?" என்று கேட்டார். அடுத்த மாதம் இரண்டாவது கண்ணுக்கும் சிகிச்சை. அது முடிந்ததும் நீ ஒரு நடை வந்து போனால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், எனக்கும்தான்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்