கையெழுத்துக்காகக் காத்திருந்த நான்கு வாரம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் கருத்தடை முறைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காப்பர்-டி, வாராந்திர மாத்திரை, மூன்று மாத ஊசி என்று எல்லாம் தெளிவாக இருந்தது. அதையும் மீறிக் கரு தங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ‘மருத்துவரை அணுகவும்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் நான் நான்கு வாரம் மாட்டிக்கொண்டு கிடந்தவள்.

1997-இல் எனக்கு 23 வயது. மூத்தவனுக்கு மூன்று வயது, மகளுக்கு எட்டு மாதம். பால் கொடுக்கிற வரை தங்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நம்பியிருந்தேன். முதல் ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குத் தூரமே ஆகாததால் நாள் தள்ளிப்போனதும் தெரியவில்லை. வாந்தி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்பது வாரம் இருக்கும் என்றார்கள். கலைக்க வேண்டும் என்றேன். “புருஷனைக் கூட்டிட்டு வாம்மா, அவர் கையெழுத்து வேணும்” என்றார்கள்.

அவர் லாரி ஓட்டுநர். குஜராத் லோடு ஏற்றிப் போயிருந்தார். செல்போன் இல்லாத காலம். அவர் வந்து சேர நான்கு வாரம் ஆனது. எள்ளுருண்டை, பப்பாளிக்காய், அன்னாசி என்று யார் எதைச் சொன்னாலும் தின்றேன். எதுவும் கேட்கவில்லை. கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைக்கிற ஆளைத் தெரியும் என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஒரு மதியம் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியும் விட்டேன். தொட்டிலில் மகள் எழுந்து பாலுக்கு அழுதாள். அவளை எடுத்து மடியில் போட்டபடி உட்கார்ந்துவிட்டேன். அவள் இன்னும் அரை மணி நேரம் தூங்கியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

கணவர் வந்து நாங்கள் போனபோது 12 வாரம் தாண்டிவிட்டது. அன்றைய சட்டப்படி அதற்கு மேல் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. அங்கே இன்னொரு நிபந்தனை: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டால்தான் கலைப்போம். சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

கலைத்ததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று வைத்துக்கொண்டு, ரத்தசோகையோடு இருந்த எனக்கு அது சரியான முடிவு. இதை வேறு மாதிரி உணர்ந்து வருடக்கணக்கில் அழுத பெண்களையும் எனக்குத் தெரியும். அவர்களுடைய துக்கமும் உண்மைதான். என் வருத்தமெல்லாம் அந்த ஆபரேஷன் பற்றியது. நாலைந்து வருடம் கழித்து இன்னொரு பிள்ளை பெற ஆசைப்பட்டேன். வழி இல்லை.

கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. நான் அலைந்தபோது அதற்கு வயது 26. பதினெட்டு வயது நிரம்பிய பெண் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்று அன்றே அதில் எழுதியிருந்தது. கணவர் கையெழுத்து என்று எந்த இடத்திலும் இல்லை. 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 20 வாரம் வரை ஒரே டாக்டர் போதும் என்றார்கள். குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் முடிவு செய்யலாம். மணமாகாத பெண்களையும் இதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடுவதையும் கண்டித்தது. இத்தனைக்குப் பிறகும் எங்கள் தெருப் பெண் ஒருத்தியிடம் போன வருடம் அதே கேள்வி: “வீட்டுக்காரர் வரலையா?”

அவள் திரும்பி வந்து, யார் மூலமாகவோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஸ்கேன் இல்லை. கரு கருப்பைக்குள் இல்லை, கருக்குழாயில் இருந்திருக்கிறது. அதற்கு இந்த மாத்திரை வேலை செய்யாது. வயிற்றுவலி தாங்காமல் மயங்கி விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தாள். டாக்டர் பார்த்து, ஒன்பது வாரத்துக்குள் கொடுத்தால் பாதுகாப்பான மாத்திரைதான் அது. டாக்டரிடம் போகும் வழியை அடைத்துவிட்டு, மாத்திரையைக் குறை சொல்கிறோம்.

அவசர கருத்தடை மாத்திரை விஷயமும் இப்படித்தான். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், தங்கிய கருவைக் கலைக்காது. சீட்டு இல்லாமலே விற்கலாம் என்பது நாட்டின் விதி. தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப்புகளில் பல வருடங்களாகக் கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற பதில்தான். வயிற்றில் இருப்பது பெண் என்று கண்டுபிடித்துக் கருவை அழிக்கிற கொடுமை நடந்த பகுதி எங்களுடையது. அதனால் கருக்கலைப்பு என்றாலே உண்டான பயம் புரிகிறது. ஆனால் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தக் குற்றத்தைப் பிடிப்பதற்குப் பதில் எல்லாப் பெண்களையும் சந்தேகத்தோடு பார்ப்பது என்ன நியாயம்?

அப்புறம் ஆண்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 57.8 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.1 சதவீதம். ஆண்களுக்கான கத்தியில்லா வாசக்டமி ஆபரேஷன் சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். என் கணவரிடம் அன்று அதை யாருமே சொல்லவில்லை. கையெழுத்து மட்டும்தான் கேட்டார்கள்.

கருக்கலைப்புக்குச் சம்மதம் தரும் படிவத்தின் பெயர் ‘படிவம் சி’. அதில் கையெழுத்துப் போட வேண்டியது அந்தப் பெண். பதினெட்டு நிரம்பாதவளாகவோ மனநோய் உள்ளவளாகவோ இருந்தால் மட்டுமே பாதுகாவலர். இதை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தமிழில், பெரிய எழுத்தில், உள்ளே நுழைந்ததும் தெரிகிற மாதிரி எழுதி மாட்ட வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இதழும் அடுத்த மருத்துவப் பக்கத்தில் இதைக் கட்டம் கட்டி வெளியிட்டால், வெட்டி எடுத்து எங்கள் தெருப் பெண்களிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

பெயர் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல் மாவட்டம்