பெருந்தமனி வெறும் குழாய் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ரத்த ஓட்டம் குறித்து வெளியான கட்டுரை, பெருந்தமனியை 'இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் பெரிய குழாய்' என்ற ஒரே வரியில் முடித்திருந்தது. வட ஆற்காட்டு அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்த நான் அந்த வரியைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியோடு நின்றுவிடுவதால் வரும் கேட்டை என் வீட்டிலேயே பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

இதயம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், கறிக்கடையில் முதல் நாளே சொல்லிவைத்து, பெருந்தமனியை ஒட்ட நறுக்காத ஓர் ஆட்டிதயத்தை வாங்கி வருவேன். தமனியை மோதிரம்போல அரிந்து மாணவர்களிடம் கொடுத்து, இரண்டு விரல்களில் மாட்டி இழுக்கச் சொல்வேன். வெளிர் மஞ்சளாகத் தடித்திருக்கும் அந்த வளையம் இழுத்தால் நீளும், விட்டவுடன் பழைய அளவுக்கே சுருங்கிவிடும். அருகிலிருக்கும் பெருஞ்சிரையின் துண்டோ ஈரத்துணிபோலத் துவண்டு தொங்கும். தொட்டுப் பார்த்த பிள்ளைகள் அதன் பிறகு அதைக் குழாய் என்று எழுதியதில்லை.

அந்த மீள்தன்மையில்தான் எல்லாம் இருக்கிறது. இடது கீழறை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஏறக்குறைய 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பிறகு சற்று ஓய்கிறது. அடிபம்பில் கைப்பிடியை அழுத்தும்போது தண்ணீர் கொட்டி, தூக்கும்போது நின்றுவிடுவதைப் போல, நம் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் விட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். அப்படி நடக்காததற்குக் காரணம், இதயம் தள்ளும்போது பெருந்தமனி விரிந்து, வந்த ரத்தத்தில் ஏறத்தாழப் பாதியைத் தன்னுள் தேக்கிக்கொண்டு, இதயம் ஓய்ந்திருக்கும் நொடியில் தானே சுருங்கி அதை முன்னே செலுத்துவதுதான். சுருதிப்பெட்டியில் கை துருத்தியை விட்டுவிட்டு அழுத்தினாலும், உள்ளே தேங்கிய காற்று நாதத்தை அறுபடாமல் நிறுத்துகிறதே, அதே வேலைதான் இது. ஆங்கிலேயரான ஸ்டீபன் ஹேல்ஸ் 1733ஆம் ஆண்டிலேயே இதைத் தீயணைப்பு இயந்திரத்தின் காற்றறைக்கு ஒப்பிட்டிருக்கிறார். இதயத் தசைக்கு ரத்தம் தரும் இரண்டு தமனிகளும் பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலேதான் கிளைக்கின்றன. இடது கீழறையின் தசை பெரும்பகுதி ரத்தத்தைப் பெறுவது இதயம் ஓய்ந்திருக்கும்போதுதான் என்பதால், இதயமே பெருந்தமனியின் இந்த மீள்தன்மையை நம்பி வாழ்கிறது என்று சொல்லலாம்.

பெருந்தமனி செல்லும் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே எழுந்து, வளைந்து, தலைக்கும் கைகளுக்கும் மூன்று கிளைகளைக் கொடுத்துவிட்டு, முதுகெலும்பை ஒட்டி இறங்கி, உதரவிதானத்தைக் கடந்து, குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் கிளைவிட்டு, தொப்புள் மட்டத்தில் இரண்டு கால்களுக்காக இரண்டாகப் பிரிகிறது.

இதன் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன. நடு அடுக்கில் ஏடு ஏடாக இருக்கும் எலாஸ்டின் என்னும் மீள்நாரில் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உருவாகிவிடுகிறது. பிற்காலத்தில் சிதைந்தால் அதை ஈடுகட்ட உடலால் பெரும்பாலும் முடிவதில்லை. வயது ஏற ஏற அது நைந்து, சுவர் விறைப்பதால்தான் முதியவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத அழுத்தம் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது. இதில் வலியே இல்லை என்பதுதான் கொடுமை.

என் மூத்த அண்ணன் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். ஓர் இரவு, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே துணியைக் கிழிப்பதுபோல வலிக்கிறது என்று துடித்தார். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் வாயுப் பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறொரு மருத்துவர் இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்த்தபோது, இடது கையில் மிகவும் குறைந்திருந்தது. ஸ்கேனில், பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்து, நடு அடுக்கைப் பிளந்துகொண்டு ரத்தம் கீழ்நோக்கி இறங்கியிருந்தது தெரிந்தது. கிழிசல் இறங்கு பகுதியில் இருந்ததால் மருந்தாலேயே அழுத்தத்தைக் குறைத்துக் காப்பாற்ற முடிந்தது. இதயத்தை ஒட்டிய ஏறு பகுதியில் என்றால் உடனடி அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைப்பது அரிது. 1961ஆம் ஆண்டிலேயே திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்த வேலூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஓர் இரவு முழுவதையும் ஓமத்தண்ணீரில் கழித்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வயிற்றுப் பகுதிப் பெருந்தமனி புடைப்பதும் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும். ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய விட்டம் 3 சென்டிமீட்டரை எட்டினால் அது நோய்; 1955இல் ஐன்ஸ்டீன் இறந்தது அது வெடித்துத்தான். புகைப்பழக்கமே இதன் முதன்மையான காரணிகளுள் ஒன்று. பீடி சுற்றுவது எங்கள் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். பிரிட்டனில் 65 வயதை எட்டும் ஆண்களை அழைத்து ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கிறார்கள். நெடுநாள் புகைபிடித்த முதியவர்களுக்காவது அந்த வாய்ப்பை நம் அரசு மருத்துவமனைகளும் தர வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள், முதல்முறை மட்டுமாவது இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்த்துக் குறிக்குமாறு சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. தாங்களும் பெருந்தமனியைப் படத்துடன் விளக்கி, திடீரென்று கிழிப்பதுபோல வரும் முதுகுவலியை வாயு என்று விட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்து, தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.